ஃபார்மட் என்னும் ஊசி

நம் ஊர்ப்பக்கம் கம்ப்யூட்டர் எதனால் நின்றுபோனாலும் அதற்கு ஒரே ஒரு வைத்தியம்தான். மெதுவாக ஓடுகிறதா, ஃபார்மட். நீலத்திரை விழுகிறதா, ஃபார்மட். பிரிண்டர் பேச மாட்டேன் என்கிறதா, தேதி தப்பாகக் காட்டுகிறதா, அதற்கும் ஃபார்மட். கடைக்காரப் பையன் சொல்வதற்கு முன்னாலேயே நாமே சொல்லிவிடுகிறோம்: "தம்பி, சிஸ்டம் ரொம்ப ஹேங் ஆகுது, ஒரு ஃபார்மட் போட்டுக் குடுத்துரு." என்ன நோய் என்று அவனும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை. சாயங்காலம் போய் முந்நூறோ ஐந்நூறோ கொடுத்துவிட்டு, உள்ளே நம்முடையது என்று எதுவுமே இல்லாத ஒரு பொட்டியை வாங்கிக்கொண்டு வருகிறோம். மூன்று மாதத்தில் அது மறுபடியும் நிற்கிறது.

இந்தக் கட்டுரை அந்தச் சொல்லுக்கு எதிராக எழுதப்படுவது. பழுது என்னவென்று தெரிந்துகொள்ளவே மாட்டோம் என்று நாம் செய்துகொண்ட சத்தியத்துக்குப் பெயர்தான் ஃபார்மட் என்பது என் கட்சி.

நான் கடையநல்லூர்க்காரன். கம்ப்யூட்டர் ரிப்பேர் என் தொழில் இல்லை. ஆனால் எங்கள் தெருவிலும் பக்கத்து நாலைந்து தெருக்களிலும் எந்த வீட்டில் சிஸ்டம் நின்றாலும் பத்துப் பன்னிரண்டு வருஷமாக முதலில் கூப்பிடுவது என்னைத்தான். காசு வாங்குவதில்லை, டீ குடிப்பேன். அப்படிப் போன வீடுகளில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு. "அண்ணாச்சி, நான் ஒண்ணுமே தொடல." ஃபேன் நின்றுபோனால் யாரும் இப்படிச் சொல்வதில்லை. மிக்ஸி நின்றால் மிக்ஸியைத்தான் திட்டுகிறோம். கம்ப்யூட்டர் நின்றால் மட்டும் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றுகொண்டு சாட்சி சொல்கிறார்கள். பெரும்பாலும் கடைசியில் பழி விழுவது வீட்டுப் பெண்கள் மீதும், கேம் விளையாடிய பையன் மீதும்.

இலக்கியப் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். செயற்கை நுண்ணறிவு மனிதனை விழுங்குமா என்று பத்தாயிரம் வார்த்தை எழுதலாம், டாஸ்க் மேனேஜரைத் திறப்பது எப்படி என்று பத்து வரி எழுதக் கூடாது என்றால், அந்தக் கூச்சத்தையும் சேர்த்தே எதிர்க்கிறேன்.

*

எங்கள் ஊர் நெசவு ஊர். இப்போது தறிச்சத்தம் குறைந்துவிட்டது. தறியை விட்டவர்கள் முதலில் சிங்கப்பூருக்கும் பின்னால் வளைகுடாவுக்கும் போனார்கள். ஆனாலும் தறி இருந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஒரு பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். ஓட்டத்தில் ஒரு இழை அறுந்தால் நெய்பவர் தறியை நிறுத்துவார், எந்த இழை என்று விரலால் தேடுவார், முடிச்சுப் போட்டு விழுதிலும் அச்சிலும் திரும்பக் கோத்து மறுபடி நெய்வார். இழை அறுந்தது என்பதற்காகப் பாவு மொத்தத்தையும் அறுத்துப் போட்டுவிட்டுப் புதுப் பாவு ஏற்றுகிற ஒருவரை நெசவாளி என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். பைத்தியம் என்பார்கள்.

அந்த ஊரில்தான் இன்று ஒரு இழை அறுந்தால் பாவையே வெட்டுகிறோம். அதுவும் காசு கொடுத்து.

ஹேங் ஆவது என்றால் என்ன? கம்ப்யூட்டர் எதற்கோ காத்திருக்கிறது, காத்திருப்பது வரவில்லை. அவ்வளவுதான். எதற்குக் காத்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மந்திரமோ மாயமோ அதில் கிடையாது. நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஐந்தாறு காரணங்களுக்குள் அடங்கிவிடும்.

முதலாவது ஹார்ட் டிஸ்க். 2012, 2014ல் வாங்கின பொட்டியில் சுற்றுகிற தட்டு உள்ள பழைய டிஸ்க் இருக்கும். விண்டோஸ் 10 அந்தத் தட்டை வைத்துக்கொண்டு படுகிற பாடு சொல்லி முடியாது. ஆன் செய்ததும் அப்டேட் ஒரு பக்கம் இறங்கும், வைரஸ் தேடுகிற டிஃபெண்டர் ஒரு பக்கம் ஓடும், ஃபைல்களுக்கு அட்டவணை போடுகிற வேலை இன்னொரு பக்கம். டிஸ்க்கின் முள் ஒன்றுதான், ஓட வேண்டிய திசை நாலு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டிஸ்க் என்ற பத்தியில் நூறு சதவீதம் என்று சிவந்து நின்றால் காரணம் அங்கேதான். இதற்கு மருந்து எஸ்எஸ்டி. புதுக் கம்ப்யூட்டர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஃபார்மட் போட்டால் என்ன நடக்கும்? சாகக் கிடக்கிற அதே டிஸ்க்கில் வேறு இடத்தில் புது விண்டோஸ் போய் உட்காரும். அப்டேட்டுகள் சேரும்வரை கொஞ்ச நாள் வேகமாக ஓடும். பிறகு பழைய கதை. மூன்று மாதக் கணக்கு இப்படித்தான் வருகிறது.

இரண்டாவது சூடு. எங்கள் பக்கம் ஜூன் தொடங்கிக் குற்றாலத்தில் சாரல் அடித்தால் கடையநல்லூர் வரைக்கும் காற்றில் ஈரம் இருக்கும். கூடவே காற்றுக்காலத் தூசி. ஈரமும் தூசியும் சேர்ந்து ஃபேன் இறக்கைகளிலும் அதற்கடியில் உள்ள தகட்டிலும் கம்பளி மாதிரி படிந்துவிடும். பிராசசர் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மேலே போனால் படாரென்று நிறுத்திவிடும். காலையில் நன்றாக ஓடி, பதினோரு மணிக்கு மேல் நிற்கிற கம்ப்யூட்டருக்கு ஒரு பெயின்ட் பிரஷ்ஷும் பத்து நிமிஷமும் போதும்.

மூன்றாவது கரண்ட். ஆடிக் காற்றில் லைட் மினுக்கு மினுக்கு என்று எரிகிற வீட்டில், பேட்டரி செத்துப்போன யுபிஎஸ்ஸை வெறும் ஸ்விட்ச் போர்டாக வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் ஓட்டுகிறார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் ஃபைல் பாதியில் அறுபடும். அடுத்த முறை விண்டோஸ் அந்த இடத்தில் தடுக்கி விழும். யுபிஎஸ்ஸுக்கு ஒரு பேட்டரி மாற்றியிருந்தால் நாலு ஃபார்மட் மிச்சம்.

நாலாவது, கேட்டால் சிரிப்பீர்கள். மதர்போர்டில் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கிறது. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். நாலைந்து வருஷத்தில் தீர்ந்துபோகும். தீர்ந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். பிரவுசர் ஒவ்வொரு இணையதளத்தின் சான்றிதழையும் இன்றைய தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். தேதி பொருந்தாததால் எல்லாத் தளமும் ஆபத்து என்று கதவைச் சாத்தும். "நெட் போச்சு, வைரஸ் வந்துட்டு" என்று வீட்டில் முடிவுகட்டுவார்கள். ஐம்பது ரூபாய்க்குள் முடிகிற பேட்டரி அது. இதற்காக இரண்டு முறை ஃபார்மட் போட்ட ஒரு வீட்டை எனக்குத் தெரியும்.

ஐந்தாவது ஒரு ஏமாற்று. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்துட்டோம் அண்ணாச்சி, அப்பவும் அப்படியேதான் இருக்கு" என்பார்கள். பொய் சொல்லவில்லை. ஆனால் 2012ல் வந்த விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் கொடுத்தால் கம்ப்யூட்டர் முழுவதுமாக அணைவதில்லை. சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்பதற்காக இயங்குதளத்தின் உள்மையத்தை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு தூங்குகிறது. மறுநாள் அதே குழப்பத்தோடு எழுந்திருக்கிறது. உண்மையாகப் புதிதாய்த் தொடங்க வேண்டுமென்றால் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். ஷட் டவுனுக்கும் ரீஸ்டார்ட்டுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை எத்தனை பேருக்கு யார் சொன்னார்கள்? வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்தாலே எங்கள் தெருவில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி குறைந்துவிடும்.

இன்னும் ஒரு சின்னச் சோதனை. திரை அசையாமல் நின்றுவிட்டதா, கேப்ஸ் லாக்கை அமுக்குங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, பொறுங்கள். அசைவே இல்லை என்றால் மட்டும் பவர் பட்டனில் கை வையுங்கள். மருத்துவர் நாடி பிடிப்பதுபோல இது. நாடி பிடிக்காமல் அறுவை சிகிச்சைக்குப் போகிற ஒரே நோயாளி நம் வீட்டுக் கம்ப்யூட்டர்தான்.

*

பெரிய இடத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு அப்டேட்டால் உலகம் முழுக்க விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் போய் நின்றன. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் இயந்திரங்கள். நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள், படம் எல்லோர் போனிலும் வந்தது.

85 லட்சம் கம்ப்யூட்டரையும் ஃபார்மட்டா போட்டார்கள்? சேஃப் மோடில் திறந்து, பிரச்சினைக்குரிய அந்த ஒரே ஒரு ஃபைலை அழித்தால் போதும் என்று சொன்னார்கள். பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு பொட்டியாகப் போய் அதைச் செய்தார்கள். பிறகு, ஏன் நடந்தது என்று ஆகஸ்ட் மாதம் அறிக்கை வெளியானது. ஒரு இடத்தில் 21 உள்ளீடுகள் இருக்கும் என்று வரையறுத்திருந்தார்கள், நிரல் கொடுத்தது 20. இல்லாத அந்த இருபத்தோராவதைத் தேடிப் போனபோதுதான் இயந்திரம் விழுந்தது. உலகத்தையே நிறுத்திய கோளாறுக்குக் காரணம் எண் போட்டுச் சொல்ல முடிகிறது. நம் வீட்டு ஹாலில் நின்றுபோன ஒரு பொட்டிக்குக் காரணம் சொல்ல முடியாதாம். "சாஃப்ட்வேர் கரப்ட் ஆயிட்டு" என்ற மூன்று சொல்லோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அது காரணம் இல்லை. காய்ச்சலுக்குக் காரணம் உடம்பு சரியில்லாதது என்று சொல்வதற்குச் சமம்.

*

போனால் போகட்டும், பொட்டி ஓடினால் சரி என்று விடலாம். விட முடியாததற்கு இரண்டு வீடுகளைச் சொல்கிறேன்.

ஒரு வீட்டில் தகப்பனார் பதினைந்து வருஷம் சவுதியில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு லீவுக்கு வரும்போதும் தன் போனில் உள்ள படங்களை எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கி வைப்பார். டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டர். அறை நண்பர்களோடு சமைப்பது, வேலை பார்த்த இடம், பெருநாள் தொழுகைக்குப் போவது, பிள்ளைகளுக்குப் பேசி அனுப்பிய குரல் பதிவுகள். அவர் இறந்து ஒரு வருஷத்துக்குள் கம்ப்யூட்டர் அடிக்கடி நிற்க ஆரம்பித்தது. கடைக்குக் கொண்டுபோனார்கள். பையன் கேட்டது ஒரே கேள்வி: "சி ட்ரைவ்ல முக்கியமானது ஒண்ணும் இல்லல்லா?" சி ட்ரைவ் என்றால் என்னவென்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. டெஸ்க்டாப்பில் வைத்ததெல்லாம் சி ட்ரைவுக்குள்தான் இருக்கிறது என்பதைப் படித்த பிள்ளைகளுக்கும் யாரும் சொன்னதில்லை. இல்லை என்று தலையாட்டினார்கள்.

ஃபார்மட் போட்டு வந்த ஆறாவது நாள் அது மறுபடியும் நின்றது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். பக்கத்து மூடியைக் கழற்றி, ரேம் அட்டையை எடுத்து, அதன் செம்பொன் நிற முனையைப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் தேய்த்து, திரும்பச் செருகினேன். கறுத்துப்போன முனை சரியாகத் தொடாமல் இருந்ததுதான் கோளாறு. தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் பிரித்த எவருக்கும் தெரிந்த பாட்டி வைத்தியம் இது. அதற்குப் பிறகு அது நிற்கவில்லை. அதாவது முதலில் வந்த கோளாறுக்கும் சி ட்ரைவுக்கும் சம்பந்தமே இல்லை. அழிந்த படங்களை மீட்கிற மென்பொருள் போட்டுத் தேடினேன். மேலே புது விண்டோஸ் எழுதப்பட்டுவிட்டதால் பெரும்பகுதி கிடைக்கவில்லை. குரல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. "தம்பி, நாங்க பொட்டிய ரிப்பேருக்குத்தான குடுத்தோம்" என்று அந்த அம்மா சொன்னார். அவர் குறையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

இன்னொன்று ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வீடு. உள்ளூர்ப் பள்ளிகளின் வரலாறு, தலபுராணக் குறிப்புகள் என்று இருபது வருஷமாகத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். எல்லாம் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில். சில பாமினியில், சில வானவில்லில். கடையில் இந்தத் தடவை பொறுப்பாக அவருடைய ஃபைல்களை எல்லாம் பென் ட்ரைவில் எடுத்து வைத்துவிட்டுத்தான் ஃபார்மட் போட்டார்கள். எழுத்துருவை மட்டும் எடுக்கவில்லை. திறந்து பார்த்தால் ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும் குறிகளுமாக ஒரே கிறுக்கல். ஃபைல் கெட்டுவிட்டது என்று கடையில் சொன்னார்கள். அவரும் நம்பி அழிக்க ஆரம்பித்துவிட்டார். நல்ல வேளை, பாதியில் யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு எழுத்துருக்களைத் திரும்ப ஏற்றியதும் மிச்சமிருந்தவை தமிழாக எழுந்து வந்தன. தமிழில் எழுதுகிற ஒவ்வொருவரும் இதைக் கேட்டு ஒரு நிமிஷம் திடுக்கிட வேண்டும். 2000க்கு முன்னும் பின்னும் எழுதப்பட்ட எத்தனையோ தமிழ்ப் பக்கங்கள் இப்படி "கரப்ட்" என்ற பெயரில் குப்பைக்குப் போயிருக்கும். ஓலைச்சுவடியை ஆற்றில் விட்டவர்களைப் பற்றி நூறு வருஷமாக வருத்தப்படுகிறோம். நம் காலத்துப் பதினெட்டாம் பெருக்கு கடைகளில் தினமும் நடக்கிறது.

*

கடைப் பையன்களைத் திட்டுவதற்கா இத்தனையும்? இல்லை. அவர்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். காரணம் கண்டுபிடிக்க அரைநாள் ஆகும். கண்டுபிடித்தபின் "ரேமைத் துடைச்சேன், ஐந்நூறு ரூவா" என்றால் நாம் கொடுப்போமா? "துடைச்சதுக்கா ஐந்நூறு?" என்று சண்டைக்கு நிற்போம். ஃபார்மட் என்றால் எதுவும் கேட்காமல் கொடுக்கிறோம். ஏதோ பெரிதாகச் செய்திருக்கிறான், திரையே புதிதாக இருக்கிறதே. கண்டுபிடிப்பதற்குக் கூலி கொடுக்காத ஊரில் யார் கண்டுபிடிப்பார்கள்?

இதே வியாதி நமக்கு ஆஸ்பத்திரியிலும் உண்டு. ஊசி போடாத டாக்டர் நமக்கு டாக்டர் இல்லை. நாக்கை நீட்டச் சொல்லி, வயிற்றை அமுக்கிப் பார்த்து, "ஒண்ணுமில்ல, வெந்நி குடி, ரெண்டு நாள்ல சரியாப் போவும்" என்று சொல்கிற நல்ல மருத்துவரைக் காசைப் பிடுங்கிக்கொண்டார் என்று பேசுவோம். நுழைந்ததும் ஊசியைப் போடுகிறவர் கைராசிக்காரர். கம்ப்யூட்டர் உலகத்தில் அந்த ஊசிதான் ஃபார்மட். ஊசி கேட்டு வாங்குவது நாம். ஆகவே முதல் குற்றவாளி நம்முடைய பர்ஸ்.

இரண்டாவது குற்றவாளி கடல் கடந்து இருக்கிறது. கம்ப்யூட்டர் நிற்கும்போது அது நம்மிடம் என்ன சொல்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? 2015ல் விண்டோஸ் 10க்கு மாற முயன்றவர்களில் பலருக்கு ஒரு பிழைச்செய்தி வந்தது. ஏதோ நடந்துவிட்டது என்று மட்டும் இருந்தது அதில். கீழே விளக்கம் இருக்கவேண்டிய இடத்திலும் அதே வாக்கியம். உலகத்திலேயே பெரிய மென்பொருள் நிறுவனம் கோடிக்கணக்கான மனிதர்களுக்குச் சொன்ன விளக்கம் இது. விண்டோஸ் 8ல் நீலத்திரையில் ஒரு சோக முகத்தை வரைந்தார்கள், 2025ல் நீலத்தைக் கறுப்பாக்கினார்கள். வண்ணத்துக்குப் படுகிற கவலையில் கொஞ்சம், காரணத்தை மனிதர் பாஷையில் சொல்வதற்குப் பட்டிருக்கலாம். காரணம் உள்ளே பதிவாகாமல் இல்லை. ரிலையபிலிட்டி மானிட்டர் என்று ஒன்று விண்டோஸிலேயே இருக்கிறது. எந்தத் தேதியில் எந்த மென்பொருள் விழுந்தது என்று நாள்வாரியாகச் சிவப்புக் குறி போட்டு வைத்திருக்கும். ஜாதகம் மாதிரி தெளிவாக இருக்கும். ஆனால் அதைத் தேடிப் போகிறவருக்குத்தான் காட்டும்.

வடிவமைப்பைப் பற்றி எழுதிய டொனால்ட் நார்மன் 1988லேயே இதைச் சொல்லிவிட்டார். மோசமாகச் செய்யப்பட்ட பொருளோடு மல்லுக்கட்டும் மனிதர்கள் பொருளைக் குறை சொல்லாமல் தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள் என்றார். "நான் ஒண்ணுமே தொடல" என்று எங்கள் தெருவில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான்.

அடுத்தது காலாவதி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசசரும் கேட்கிறார்கள். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017ல்தான். அதற்கு முன் வாங்கின பொட்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் அதிகாரபூர்வமாகச் செத்தது. எங்கள் பக்கத்தில் இதைச் சாக்காக வைத்து "பழசாயிட்டு, தூக்கிப் போட்டுருங்க" என்கிறார்கள். தனிநபர்கள் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு இணைப்புகளைப் பெற மைக்ரோசாஃப்டே ஒரு வழி வைத்திருப்பதைச் சொல்வதில்லை. அதே பொட்டியில் லினக்ஸ் நன்றாக ஓடும் என்பதையும் சொல்வதில்லை. லினக்ஸும் நிற்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் ஏன் நின்றது என்பதை ஒளிக்காது.

மூன்றாவது குற்றவாளி நம் கல்வி. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுக்கு லட்சக்கணக்கில் கம்ப்யூட்டர் போனது சாதாரண விஷயம் இல்லை. அந்தத் திட்டத்தை "ஓசி" என்று கேலி பேசியவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தொடக்கத்தில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் தெருப் பிள்ளைகளின் மடிக்கணினிகள் முதல் தடவை கடைக்குப் போனபோதே அது போய்விட்டது. ஃபார்மட். ஏன் இரண்டு இயங்குதளம் கொடுத்தார்கள், ஒன்று நின்றால் இன்னொன்றில் ஏறி ஃபைல்களைக் காப்பாற்றலாம் என்று அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பீரியட் யாரும் வகுப்பு எடுக்கவில்லை. நான் பார்த்தவரை பள்ளியில் கம்ப்யூட்டர் என்றால் வேர்ட், எக்ஸெல், அதன் பிறகு சி++. லூப் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, தன் கம்ப்யூட்டர் ஏன் நிற்கிறது என்று பார்க்கத் தெரியாது. சைக்கிள் கொடுத்தோம், செயின் கழன்றால் மாட்டக் கற்றுக்கொடுக்கவில்லை. சைக்கிளுக்காவது தெருவில் யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

தென்காசியை ஒட்டி மத்தளம்பாறையில் ஜோஹோ இருக்கிறது. கிராமத்தில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் செய்ய முடியும் என்று காட்டிய இடம், எங்களுக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமை, முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற ஒரு வீட்டு ஹாலில் நின்றுபோன பொட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்பதில்லை. மென்பொருள் செய்கிற ஊராக இருப்பது வேறு, மென்பொருள் தெரிந்த ஊராக இருப்பது வேறு.

*

இப்போது எல்லாம் போனில் வந்தாச்சு, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஏன் இந்த ஒப்பாரி என்பார்கள். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். போனில் மூடியைக் கழற்ற முடியாது. உள்ளே எது ஓடுகிறது என்று முழுதாகப் பார்க்க முடியாது. இயங்குதளத்தை மாற்றுவதும் சாமானியர்களுக்கு ஆகாது. வீட்டில் இருக்கிற மின்னணுப் பொருட்களிலேயே ஸ்க்ரூ ட்ரைவரும் பென்சில் ரப்பரும் கொண்டு நாமே சரிசெய்யக்கூடிய கடைசிப் பொருள் அந்த மேசைக் கம்ப்யூட்டர்தான். அதையும் கடைக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கிற பழக்கமே வீட்டை விட்டுப் போய்விடும். பழுதுபார்க்கும் உரிமை என்று ஒன்றிய அரசு 2022ல் குழு போட்டது, அந்த ஆண்டுக் கடைசியில் இணையதளமும் திறந்தது. நல்லது. ஆனால் உரிமை கேட்கிறவனுக்கு முதலில் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும்.

ஃபார்மட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸ் புகுந்துவிட்டால், கிராக் போட்டுப் போட்டு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத நிலை வந்துவிட்டால், துடைத்துவிட்டுத் தொடங்குவதுதான் புத்தி. அது கடைசி மருந்து. முதல் மருந்தாக அதைக் கொடுப்பதும் கேட்பதும்தான் அநியாயம்.

ஆகவே அடுத்த முறை பொட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, என்ன காரணம் என்று கண்டுபிடித்தீர்கள், எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இரண்டு, டிஸ்க், ரேம், சூடு இந்த மூன்றையும் பார்த்தாச்சா? மூன்று, கை வைப்பதற்கு முன் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் வேறு இடத்தில் எடுத்து வைத்து எனக்குத் திறந்து காட்டுவீர்களா? விண்டோஸ் திறக்கவே இல்லை என்றாலும் லினக்ஸ் போட்ட ஒரு பென் ட்ரைவில் ஏறி ஃபைல்களை எடுக்க முடியும், டிஸ்க் உயிரோடு இருந்தால் போதும். அது முடியாது என்று சொல்கிற கடையிலிருந்து பொட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். காரணத்தைச் சொன்ன பையனுக்கு, அது வெறும் தூசி தட்டின வேலையாக இருந்தாலும், ஃபார்மட்டுக்குக் கொடுக்கிற அதே ஐந்நூறைக் கொடுங்கள்.

2025–26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கம்ப்யூட்டர் கொடுப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கொடுக்கட்டும். ஒவ்வொன்றோடும் தமிழில் நாற்பது பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் வையுங்கள் என்பதே என் கோரிக்கை. நின்றால் எதைப் பார்ப்பது, எதை எங்கே சேமிப்பது, எப்படிப் பிரதி எடுப்பது, கடையில் என்ன கேட்பது. எழுத ஆள் இல்லை என்றால் கடையநல்லூருக்கு வாருங்கள், எங்கள் தெருவில் நாலு பேர் சேர்ந்து எழுதித் தருகிறோம்.